பதினேழாம் பக்கத்து வட்டம்

“என் நோட்டில என்ன குறை மேடம்?”

கேட்டவர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. தாவரவியல் ஹானர்ஸ், முதலாண்டு மாணவர்.

“குறையே இல்லை. அதான் கையெழுத்துப் போடலை.”

சொன்னவர் ஜெசிந்தா. வயது முப்பது. ஹானர்ஸ் வகுப்பின் பொறுப்பாசிரியர்.

குற்றாலிங்கத்துக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்.

ஹானர்ஸ் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. அந்த மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்க நாற்பத்தாறு பேர் சேர்ந்தார்கள். அதில் தேர்வு வைத்து, நேர்காணல் வைத்து, ஆறு பேரைப் பிரித்து எடுத்தார்கள். சேர்வது ஒரு பாடு. நிற்பது அதைவிடப் பெரும்பாடு. பருவ முடிவில் செய்முறை ரெக்கார்டு நோட்டில் பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லையா, பொது வகுப்புக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அங்கே நாற்பது பேருக்கு நாலு நுண்ணோக்கி. இங்கே ஆளுக்கு ஒன்று.

குற்றாலிங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் பத்திரங்களுக்கு நகல் எழுதியவர். பதினெட்டு வயதில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தார். அந்த வாரம் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்பாவின் நாற்காலியில் மகனை உட்கார வைத்தார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படிக்கக் கிளம்பியபோது தெருவே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. வாசல் பெயர்ப்பலகையில் ஹானர்ஸ் என்று எழுதச் சொல்லிவிட்டார். முதலில் படித்து முடிக்கிறேன் என்றாராம் இவர். பெயின்ட் காய நாளாகும் என்றாராம் அந்த அம்மா.

அந்தப் பலகையைச் சுரண்ட வேண்டி வருமே என்பதுதான் இப்போது அவர் கவலை.

அவருடைய ரெக்கார்டு நோட்டைப் பார்க்க வேண்டும். அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு கோடு பிசகாது, ஒரு எழுத்து சாயாது. பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

“கோழி கிளறின மாதிரி வரைஞ்ச ரெண்டு பேருக்குப் போட்டீங்க” என்றார் குற்றாலிங்கம். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

“போட்டேன்.”

ஜெசிந்தா நோட்டைத் திறந்தார். பதினேழாம் பக்கம். குளத்துத் தண்ணீரில் வளரும் வேலம்பாசியின் இலை, நுண்ணோக்கியில் தெரிகிறபடி. செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள். ஒவ்வொன்றிலும் பச்சை மணிகள். இரண்டாவது செல்லில் மட்டும் கறுத்த விளிம்போடு ஒரு வட்டம். அதன்மேல் விரலை வைத்தார்.

“இது என்ன?”

அந்தப் பக்கத்தில் அதே வட்டம் இன்னும் மூன்று பேர் நோட்டில் இருந்தது. அவர்களிடமும் இதையே கேட்டிருந்தார். மூவரும் கண் இமைக்காமல் உட்கரு என்றார்கள். மூவரும் திங்கட்கிழமையிலிருந்து பொது வகுப்பில் இருக்கிறார்கள். இந்த விவரம் குற்றாலிங்கத்துக்குத் தெரியும். வேறு ஏதாவது பெயர் சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது.

“தெரியலை மேடம்.”

ஜெசிந்தா முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரம்” என்றார்.

அன்று செவ்வாய்.

குற்றாலிங்கம் அந்தப் படத்தை இரண்டாம் ஆண்டு சுடலைமணியின் நோட்டைப் பார்த்து வரைந்திருந்தார். அவனிடம் போனார்.

“அது அங்கன இருக்கும் அண்ணாச்சி. போட்டுரணும். போட்டா மார்க்கு” என்றான் சுடலைமணி.

“என்னதுடா அது?”

“அதெல்லாம் கேட்டுக்கிட்டா படிப்பாங்க?”

அவன் மூன்றாம் ஆண்டுப் பெண்ணைப் பார்த்து வரைந்தவன். அவள் படித்து முடித்துப் போன ஒருத்தியைப் பார்த்து.

குற்றாலிங்கத்துக்கு இது பழகிய வேலை. ஒரு பத்திரத்தில் சிக்கல் என்றால் அதற்கு முந்திய பத்திரம், அதற்கும் முந்தியது என்று மூலப் பத்திரம் வரை தோண்டிக்கொண்டு போக வேண்டும். தோண்டினார். இரண்டு நாள் போன் கையிலேயே இருந்தது. ஒருவன் ஓசூரில் வங்கியில் இருந்தான். ஒருத்தி மஸ்கட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பேசினாள். இன்னொருவன், அந்த நோட்டுக்கு இன்னுமா உயிர் இருக்கிறது என்று சிரித்தான். எல்லோருக்கும் அந்த வட்டம் ஞாபகம் இருந்தது. என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதினோரு நோட்டு. கடைசியில் அகப்பட்டவன், தான் பார்த்து வரைந்தது துறை அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த நோட்டு என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியைத் திறக்க வைத்தார். அடித்தட்டில் கிடந்தது. பழுப்பு அட்டை. பதினேழாம் பக்கம். இரண்டாவது செல். வட்டம்.

அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

ஜெசிந்தாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

“மூலப் பத்திரம் கிடைச்சிட்டு மேடம். உங்க பேர்ல இருக்கு.”

ஜெசிந்தா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“இலையை மூடுற கவர் ஸ்லிப் கண்ணாடியை ஒழுங்கா வைக்கத் தெரியாது எனக்கு அப்ப. இலைக்கு மேலே காத்துக் குமிழி மாட்டிக்கிச்சு. அதையும் செடின்னு நினைச்சு வரைஞ்சுட்டேன்.”

ஒரு மணி நேரம் இருந்து உடைந்துபோன குமிழி. பன்னிரண்டு வருஷமாக நோட்டுகளில் உடையாமல் இருக்கிறது. குற்றாலிங்கம் வேறு மெல்லிய பென்சிலால் அதன் விளிம்பை மூன்று தடவை கறுப்பாக்கியிருக்கிறார்.

“அப்ப நீங்களும் தப்பாத்தானே வரைஞ்சீங்க? உங்களுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாங்களே.”

“தப்புதான் சார். ஆனா பார்த்து வரைஞ்சேன். நீங்க?”

குற்றாலிங்கம் தன் நோட்டின் பதினேழாம் பக்கத்தைப் பார்த்தார்.

முப்பத்தைந்து வருஷம் நிலங்களுக்கு நான்கெல்லை எழுதியிருக்கிறார். வடக்கே ஓடை, கிழக்கே பனைமர வரிசை. அதில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. வேலைக்கு அது தேவைப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய நுண்ணோக்கி ஜன்னலோரம் இருந்தது. தினமும் துடைப்பார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். கண்ணை வைத்ததில்லை.

துறைக்குப் பின்னால் குளம். இறங்கி ஒரு கொத்து வேலம்பாசி பறித்து வந்தார். ஓர் இலையைக் கிள்ளி ஸ்லைடில் வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கவர் ஸ்லிப்பைச் சட்டென்று மேலே போட்டார். நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டுக் குனிந்தார்.

இருட்டு.

பிறகு ஏதோ கறுப்பு மயிர். அவருடைய இமை.

பிறகு பச்சை. செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள். உள்ளே மணிகள். நோட்டில் இருந்த மாதிரியேதான் அசையாமல் இருந்தன. இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தார். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். வெயில் ஏறியது.

ஒரு மணி அசைந்தது.

தலையைத் தூக்கிக் கண்ணைக் கசக்கினார். காற்று இல்லை. மேஜை ஆடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அசைந்தது ஓடியது. சுவரை ஒட்டியே ஓடி, மூலையில் திரும்பி, எதிர்ச்சுவரில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு வரிசை. பக்கத்துச் செல்லிலும் ஓடியது. அதற்குப் பக்கத்திலும். எந்தச் செல்லும் சும்மா இல்லை. ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. யாரும் தள்ளவில்லை.

இது ஓர் இலை. கொத்தில் நூறு இலை. குளம் நிறையக் கொத்து.

தினமும் அந்தக் கரையில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார். அமைதியான இடம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. தூக்குச்சட்டி திறக்காமல் கிடந்தது.

நாலேகாலுக்கு ஜெசிந்தா உள்ளே வந்தார். மேஜையில் நோட்டு திறந்திருந்தது. புதுப் பக்கம். நாலைந்து செல்கள், கோணல் கோடுகள். ஒரு செல்லில் பச்சை மணிகளுக்குப் பதிலாக அம்புக்குறிகள், அழித்து அழித்துப் போட்டவை, காகிதம் தேய்ந்திருந்தது. ஓரத்தில் கறுத்த விளிம்போடு ஒரு வட்டம். பக்கத்தில் எழுதியிருந்தார்: காற்றுக் குமிழி. நான் விட்டது.

ஜெசிந்தா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். நோட்டை அவர் முழங்கைப் பக்கம் நகர்த்தினார்.

அவர் நிமிரவில்லை.

“குற்றாலிங்கம் சார், மணி நாலு தாண்டிடுச்சு. கையெழுத்து வேண்டாமா?”

“சத்தம் போடாதீங்க மேடம்” என்றார் குற்றாலிங்கம், கண்ணை எடுக்காமல். “போனது திரும்பி வருது.”