மணலாய்ப் போன மைசூர்பாகு

அரிசி மில் முதலாளி அவிநாசியப்பனுக்கு உடம்பெல்லாம் சர்க்கரை, வாயெல்லாம் அதிகாரம். காலில் வந்த புண் ஆறவில்லை. இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுசன் கேட்டால்தானே?

"தினமும் என் இலையில மைசூர்பாகு இருக்கோணும். வேண்டாம்னு சொல்றவங்களுக்கு இங்க வேலை இல்ல. ஆனா புண்ணும் ஆறோணும்!" என்று வீடே அதிர உத்தரவு போட்டார்.

சமையலுக்கு ஒத்தாசை செய்யும் பூவாத்தா, "ஆகட்டுங்க" என்றாள். வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் தழையை அரைத்துப் பிழிந்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சினாள். இளந்தழை ஒரு மாதிரி, முத்தின தழை ஒரு மாதிரி. அதனால் தினமும் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டு, மேலே சர்க்கரையைப் போட்டுப் பார்ப்பாள். தித்திப்பே தெரியாத பதம் வந்தால்தான் சாறு முதலாளிக்குப் போகும்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னால், புண் ஆற என்று பூவாத்தா கொடுத்த சாற்றை முதலாளி குடித்தார். மைசூர்பாகைக் கடித்தார். துப்பினார்.

"மணலையா கிண்டி வெச்சிருக்கீங்க?"

சமையல்காரர் தட்டோடு ஓடி வந்தார். முதலாளியம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, "தேனாட்டம் இருக்குதுங்களே!" என்றார்.

முதலாளி பூவாத்தாவை முறைத்தார். "உன் வேலையா?"

"நான் வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. சொன்னது உங்க நாக்குங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாறும் டாக்டர் மருந்தும் தொடர்ந்தன; மைசூர்பாகு மட்டும் தினமும் இலையிலேயே மிஞ்சியது. புண் ஆறி மறுபடி செருப்புப் போட்ட அன்று, நேராகச் சமையல்கட்டுக்கு வந்து கைகூப்பினார்.

"என் காலைக் காப்பாத்திக் குடுத்துட்டே, தாயி." தன் கையாலேயே ஒரு மைசூர்பாகை எடுத்துக் கொடுத்தார்.

பூவாத்தா அப்போதுதான் அன்றைய சாற்றை ருசி பார்த்திருந்தாள். வாயில் மணல் கரகரத்தது. ஒரு துணுக்கு விடாமல் மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்குது?"

"இத்தனை தித்திப்பு நான் தின்னதே இல்லீங்க."