பரிமாறியவரின் இலை

கரைநாடு என்று ஒரு நாடு. பெரிய நாடு என்று சொன்னால் அக்கம்பக்கத்து நாடுகள் சிரிக்கும். சின்ன நாடு என்று சொன்னால் கரைநாட்டார் சண்டைக்கு வருவார்கள். நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், வம்பு வேண்டாம். படை பெரிதில்லை, பொன்சுரங்கமும் கிடையாது. நெல் உண்டு, துறைமுகம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, சொன்ன சொல் தவறாதவர்கள் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயர் ஒன்றை வைத்தே பத்து ஆண்டுகளில் உலக வணிகச் சபைகளில் கரைநாட்டின் பேச்சு எடுபட ஆரம்பித்தது. எந்த இரண்டு நாடுகளுக்குள் வரிச் சண்டை வந்தாலும், "கரைநாட்டில் உட்கார்ந்து பேசலாம்" என்றார்கள்.

அந்த ஆண்டு மோதிக்கொண்டவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வடமலை, பெருங்கடல் என்ற இரண்டு வல்லரசுகள். ஒருவர் சரக்குக்கு மற்றவர் வரிமேல் வரி போட்டதில் பாதி உலகத்தில் விலைவாசி ஏறிவிட்டது. யார் முதலில் இறங்கி வருவது என்பதில் இருவருக்கும் வீம்பு. கடைசியில் கரைநாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏற்பாடு இதுதான். தான் எதுவரை இறங்கி வரமுடியும் என்று ஒவ்வொரு நாடும் எழுதி, உறையில் முத்திரை வைத்துக் கொடுத்துவிடும். கரைநாட்டார் மூவர் மட்டும் ஓர் அறையில் பிரித்துப் படிப்பார்கள். வெளியே வந்து ஒரே சொல் சொல்ல வேண்டும்: பொருந்தும், அல்லது பொருந்தாது. பொருந்தாது என்றால் கடிதங்கள் இரண்டையும் உடனே எரித்துவிட வேண்டும். பொருந்தும் என்றால் சபையில் உரக்கப் படித்து, ஒப்பந்தம். அதுவரை சொந்தப் பிரதமரிடம்கூட மூச்சு விடக்கூடாது.

கரைநாட்டார் தங்கள் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார்கள். அந்த நாட்டுப் பந்திகளில் பரிமாறியவர் கடைசியாகத்தான் உட்காருவார். ஆனால் அவர் இலையில் சோறு விழும்வரை விருந்தாளிகள் யாரும் இலையை மடிக்கக்கூடாது. அதேபோல, சபை நடத்துகிற கரைநாட்டார் கடைசியாகப் பேசுவார்கள், அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. இரண்டு தூதர்களும், "அதற்கென்ன, அழகான வழக்கம்!" என்று தலையாட்டினார்கள். அடுத்த நிமிடமே மறந்தும் போனார்கள்.

மூவருக்கும் தலைவி அங்கயற்கண்ணி, கரைநாட்டின் வணிகத் தூதர். வெண்ணிப்படுகையில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன் தணிகாசலம் இன்றும் அங்கே எட்டு ஏக்கர் வைத்திருக்கிறார். படுகையின் அரிசி முழுவதையும் வாங்குவது வடமலைதான்.

பேச்சு இரும்பையும் பருத்தியையும் பற்றியது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உறைகளைப் பிரித்தாள். வடமலை எழுதியிருந்தது: "எங்கள் இரும்புக்கு வரியைக் குறைத்தால், பெருங்கடலின் அரிசிக்கு வரியே போடமாட்டோம்." பெருங்கடல் எழுதியிருந்தது: "எங்கள் அரிசிக்கு வரியை எடுத்தால், வடமலையின் இரும்புக்கு வரியைக் குறைப்போம்." பெட்டிக்கு மூடிபோலக் கச்சிதமாகப் பொருந்தியது. அங்கயற்கண்ணி இரண்டையும் மறுபடி ஒருமுறை படித்தாள். பெருங்கடலின் மலிவான அரிசி வரியில்லாமல் நுழைந்தால், கரைநாட்டு அரிசியை வடமலையில் யார் சீந்துவார்கள்? படுகையில் இரண்டு லட்சம் குடும்பங்கள். அண்ணன் முகம் கண்முன்னே வந்து நின்றது.

வணிகத்துறைச் செயலர் மாசிலாமணி, தலை நரைத்தவர், உடனே சொன்னார்: "பொருந்தாதுன்னு சொல்லிடுங்கம்மா. கடுதாசி சாம்பலாயிடும், யாருக்கும் தெரியப் போறதில்ல. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? நாமளே போய்ப் பொருந்தும்னு சொல்றது சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறது!"

சட்ட அறிஞர் யூசுப் தலையை அசைத்தார். "பொய் வேண்டாம்மா. நம்ம நெல்லு இதுல மாட்டிக்கிட்டப்புறம் நாம நடுவர் இல்ல. ஒண்ணும் சொல்லாம உறையைத் திருப்பிக் கொடுத்துட்டு விலகிடுவோம். அதுதான் நேர்மை."

அங்கயற்கண்ணி கடிதங்கள் இரண்டையும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "எங்க அண்ணன் என் மூஞ்சியில முழிக்கமாட்டார்" என்றாள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. "ஆனாலும் பொருந்தும்னுதான் நான் சொல்லணும் ஐயா."

வெளியே மணி பன்னிரண்டு அடித்தது. சபை காத்திருக்கிறது.

கேட்கிறவர்களே, பொய் சொல்லிக் குடியைக் காப்பாற்றச் சொன்ன மாசிலாமணியா, வாய் திறக்காமல் விலகச் சொன்ன யூசுபா, சொந்த வயலுக்கே கேடு வந்தாலும் உண்மையைச் சொல்லத் துணிந்த அங்கயற்கண்ணியா? இதில் யார் சொன்னது சரி?

விடை: அங்கயற்கண்ணி சொன்னதே சரி. கடிதம் எரிந்தாலும் எழுதியவனுக்கு எழுதியது மறக்காது. வல்லரசுகள் இரண்டும் என்றைக்காவது நேரில் பேசிக்கொண்டால் மாசிலாமணியின் பொய் அம்பலமாகும், கரைநாட்டுச் சொல்லை அப்புறம் நாய்கூடச் சீந்தாது. யூசுபின் வழியிலோ, விலகுவதே விஷயத்தைச் சொல்லிவிடும்: எதைக் கண்டு பயந்தார்கள் என்று ஒரு நாளில் ஊகித்துவிடுவார்கள், வெறுங்கையோடு வெளியே நிற்பதுதான் மிச்சம். பொருந்தும் என்றால் மட்டுமே கடிதங்கள் சபையில் படிக்கப்படும், இரகசியம் தானே முடியும், கடைசிப் பேச்சு கரைநாட்டுக்கு வரும். அப்படியே நடந்தது. கடிதங்களைப் படித்து முடித்ததும் அங்கயற்கண்ணி எழுந்து, "விருந்து நன்றாக நடந்தது. எங்கள் இலை இன்னும் காலியாக இருக்கிறது" என்றாள். தூதர்களுக்கு அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது! கூடிவந்த ஒப்பந்தத்தைக் கைவிட இருவருக்கும் மனமில்லை. மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, படுகையின் அரிசியில் பாதியை வடமலை பழையபடியே வாங்கும் என்று எழுதிக் கையெழுத்தானது. தணிகாசலம் தொலைபேசியில் கத்தினார்: "பாதிதானா வாங்கிட்டு வந்தே?" அவள் சொன்னாள்: "பாதிதான் அண்ணா. ஆனா அடுத்த பந்தியும் நம்ம வீட்லதான்னு ரெண்டு நாட்டுக்காரங்களும் இப்பவே கேட்டு வந்துட்டாங்க. அதுல மீதியைக் கேக்கறேன்."