உட்காராத பூதம்

ஒரு மாலைநேரக் கல்லூரியில் தேவதைக் கதைகளைப் படித்துக் கதை எழுதப் பழகும் வகுப்பு ஒன்று நடந்தது. நடத்தியவர் ஜெசிந்தா. வயது இருபத்தேழு. மாணவர்களில் மூத்தவள் மரகதவல்லி. வயது முப்பத்தெட்டு. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிவிட்டு, மாலையில் மூச்சிரைக்க ஓடிவந்து முதல் பெஞ்சில் உட்காருவாள்.

ஆசிரியை அவளை அக்கா என்பார். அவள் ஆசிரியையை மிஸ் என்பாள்.

அது கடைசிப் பருவம். சொந்தமாக ஒரு தேவதைக் கதை எழுதி ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பட்டம் இல்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மரகதம்தான்.

இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். இரண்டு முறையும் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் திரும்பி வந்தது. கீழே 'மறுபடியும்' என்று மட்டும் இருந்தது.

மூன்றாம் முறை எழுதியதை எடுத்துக்கொண்டு, வகுப்பு கலைந்ததும் மேசை அருகே போய் நின்றாள்.

"மிஸ், தப்பு எதுன்னு சொன்னா திருத்திடுவேன். தப்பே காட்டாம திருப்பித் தந்தா நான் எதைத் திருத்துறது?"

"தப்பு ஒண்ணுமே இல்லக்கா. வாசிங்க. கதை சொன்னா கேக்குறவங்க உம் கொட்டணும்ல? நான் கொட்டுறேன்."

மரகதம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முன்னுரை. உலகம் தோன்றிய நாள்முதல் கதைகள் மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்துள்ளன."

ஜெசிந்தா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். உம் கொட்டவில்லை.

"பூதத்தின் கொடுமை. புதையல் குகையைக் காத்துவந்த கொடிய பூதம், வாளேந்தி வந்த வீரர்களை எல்லாம் கொன்று குவித்தது."

அதற்கும் உம் வரவில்லை.

"இளவரசியின் வீரம்."

"இருங்கக்கா. நடுவுல ஒரு வரியப் பென்சில்ல அடிச்சிருக்கீங்க. அது என்ன?"

"அது சும்மா வந்திடுச்சு மிஸ். வேண்டாம்னு அடிச்சுட்டேன்."

"வாசிங்க."

"பூதம் நூறு வருஷமாக உட்காரவே இல்லை."

"ம்," என்றார் ஜெசிந்தா.

மரகதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் உக்காரல?"

"அது எழுதல மிஸ்."

"எழுதாட்டி என்ன, சொல்லுங்க."

"உக்கார விடமாட்டாங்க. உக்காந்தா கண்ணு அசந்திடும், காவல் போயிடும்னு அங்க ஒரு கல்லுகூடப் போட்டு வைக்கல."

"ம்."

"சாயங்காலம் ஆனா கால் வீங்கிரும். செருப்பு கழட்ட வராது. யாராவது வாசல்ல தெரிஞ்சா மட்டும் சிரிச்சுக்கிட்டே, வாங்கம்மான்னு..." அவள் நிறுத்தினாள். "மிஸ், இது பூதம் இல்ல. எங்க கடை."

"ம்."

"பூதம்னா பயமா இருக்கணும்ல மிஸ்? இதப் போய் எப்படி எழுதுறது?"

ஜெசிந்தா அழிப்பானை எடுத்தார். அந்த வரியின் மேலிருந்த பென்சில் கோட்டை மட்டும், எழுத்து கலையாமல், நிதானமாக அழித்தார். துகளை ஊதிவிட்டுத் தாளை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை வகுப்புல வாசிங்க. அதுக்கப்புறம் நாள் இல்ல."

வெள்ளிக்கிழமை வகுப்பு நிரம்பியிருந்தது. மரகதம் எழுந்து முன்னால் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து தினகர் குரல் கொடுத்தான்.

"யக்கா, முன்னுரை எத்தனை பக்கம்? நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்திடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மரகதம் தாளை விரித்தாள். வாசித்தாள்.

"குகை வாசலில் ஒரு பூதம் நூறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. உட்கார அதற்கு அனுமதி இல்லை."

"ம்," என்றாள் ஜன்னலோரம் இருந்த பர்வீன், தன்னை அறியாமல்.

கதையில் வாளோடு வந்தவர்கள் வந்தார்கள். குதிரையில் வந்தவர்கள் வந்தார்கள். நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாத அந்தக் கால்களை யாராலும் சாய்க்க முடியவில்லை. ஒவ்வொருவரும் விழும்போது வகுப்பில் இடமும் வலமும் உம் கொட்டினார்கள். தினகரின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

கடைசியாக வந்த பெண்ணின் கையில் வாள் இல்லை. அவள் தலையில் ஒரு முக்காலியைச் சுமந்து மலையேறி வந்தாள். இறக்கி, முந்தானையால் தூசி தட்டி, பூதத்தின் முன்னால் வைத்தாள்.

பூதம் முக்காலியைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. "எனக்கா?" என்று கேட்டது.

பிறகு உட்கார்ந்தது.

உம் கொட்ட எல்லோரும் மறந்துபோனார்கள்.

"அவள் உள்ளே போனாள். அந்தக் குகைக்குக் கதவே இல்லை."

மரகதம் தாளை மடித்தாள்.

"யக்கா, இருங்க," என்றான் தினகர். "அவ புதையலோட திரும்பி வரும்போது பூதம் எந்திரிச்சு மறிக்குமா, மறிக்காதா?"

"மறிக்காது," என்றாள் பர்வீன். "நூறு வருஷம் கழிச்சு உக்காந்திருக்கு. நீயா இருந்தா எந்திரிப்பியா?"

"வேலை போயிடும்ல?"

"போனா போகட்டும்டா."

"நீ ஈசியா சொல்லிடுவ. அதுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

பாதி வகுப்பு பர்வீன் பக்கம் போனது, மீதி தினகர் பக்கம். யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மறிக்கும்," என்று சொல்லிப் போனார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மரகதம் மேசைக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மிஸ், இத ஏத்துக்குவீங்களா?"

"பூதம் உக்காந்தப்பவே பட்டியல்ல உங்க பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா," என்றார் ஜெசிந்தா. "இப்ப முடிஞ்சா போய் அவங்களை நிறுத்திப் பாருங்க."