கிடைகாரர் கேட்ட கரை

ஆட்டுக்கிடை போடுகிறவரின் பிழைப்பு நமக்குத் தெரிந்ததுதான். அடுத்தவர் வயலில் மந்தையை அடைத்து உரமேற்றிவிட்டு, விடிந்ததும் மந்தையை அடைத்த படலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் பார்க்க வேண்டும். இருளப்பர் அப்படி ஊர் ஊராய்ப் போனவர். ஆனாலும் ஆவணி பிறந்தால் செம்பிலாங்குடிக்குத் தப்பாமல் வந்துவிடுவார். அங்கே கண்மாய்க்கரையில் கோயில் கொண்ட மடைகாத்த ஈசர்மேல் அவருக்கு அப்படியொரு பற்று. தினமும் கறந்த முதல் பாலைக் கோயில் வாசற்படியில் வைத்து, வெளியே நின்றே கும்பிடுவார். மந்தை உன்னுடையது, நான் மேய்க்கிற கூலிக்காரன் என்பதுதான் அவர் அறிந்த மந்திரம்.

அவ்வூரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மழைக்கு முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, தனக்கு அளந்துவிட்ட கரையை உயர்த்தித் தர வேண்டும். உயர்த்தாதவனுக்குக் கண்மாய்த் தண்ணீரில் உரிமை கிடையாது. அந்த ஆண்டு கரை அளந்தபோது இருளப்பரும் போய்க் கைகட்டி நின்றார்.

"எனக்கும் ஒரு மொழம் அளந்து விடுங்கய்யா. என் ஆடுகளும் இந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

ஊர்த்தலைவர் சோலையம்பலம் வாய்விட்டுச் சிரித்தார். கரைப்பங்கெல்லாம் ஊரில் அடுப்பெரியும் வீட்டுக்குத்தான், நாளுக்கொரு மரத்தடியில் பொங்குகிறவனுக்கு எந்த அடுப்பைச் சொல்வது என்று கேட்டார். கூட இருந்தவர்களுக்கும் சிரிக்க ஒரு சாக்கு கிடைத்தது. போதாக்குறைக்கு, ஆட்டுக்கால் பட்டால் புதுக்கரை தளர்ந்துவிடும், கரையேறும் ஆடு ஊருக்கே சொந்தம் என்று தண்டோராவும் போட்டார்கள். ஆட்டைப் பற்றி ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாதா? இருளப்பருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் மறுநாள் பால் வைக்க அவர் தவறவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. உச்சிப்பொழுதுக்குள் கண்மாய் நிரம்பி, மடைக்குப் பக்கத்தில் புதுக்கரை விரிசல் கண்டது. முதலில் கசிந்த தண்ணீர் பிறகு பாயத் தொடங்கியது. கரைக்குக் கீழேதான் ஊர். ஆணும் பெண்ணும் கூடை கூடையாய் மண் கொட்டினார்கள். கொட்டிய மண் இறுகாமல் கஞ்சியாய்க் கரைந்து போயிற்று.

இருளப்பர் மேட்டில் நின்று பார்த்தார். நானூறு ஆடுகள் நெருக்கி மிதித்தால் எந்த மண்ணும் கெட்டித்துப் போகும் என்பதை ஆயுள் முழுக்கக் கண்டவர் அவர். மேட்டிலேயே இருந்தால் மந்தைக்கு ஆபத்தில்லை. இறங்கினால் வெள்ளம் கொண்டுபோகும், தப்பினாலும் ஊர் பிடுங்கிக்கொள்ளும். "ஒன் மந்தை, நீ பாத்துக்க" என்று ஈசரிடம் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

சோலையம்பலம் அரிவாளோடு மறித்தார். "ஏத்துனா வெட்டுவேன்."

"மிதிச்சு முடிஞ்ச பெறகு வெட்டுங்கய்யா. இப்ப மண்ணைக் கொட்டச் சொல்லுங்க" என்றபடி, அரிவாளைத் தாண்டிக் கரையேறினார் அடியார்.

முன்னால் போகும் கிடாய் எங்கே போகிறதோ அங்கேதான் மந்தை போகும். அந்தக் கிடாய் சறுக்கி வெள்ளத்தில் விழுந்தது. பின்னாலேயே ஏழு ஆடுகள் குதித்தன. இன்னும் ஒரு கணம் போனால் மொத்தமும் போயிருக்கும். இருளப்பர் அழுதுகொண்டே உடைப்பின் விளிம்புக்குப் போய், கிடாயின் இடத்தில் தாமே நின்று குரல் கொடுத்தார். ஆடுகள் திரும்பின. அவர் முன்னும் பின்னுமாய் நடக்க நடக்க அவை தொடர்ந்து மிதித்தன. அரிவாளைப் போட்டுவிட்டு அம்பலமும் கூடை சுமந்தார். பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது.

மறுநாள் காலை, நீராட்டுவதற்காக ஈசரின் ஆடையைக் களைந்த குருக்கள் அலறினார். ஊர் ஓடிவந்து பார்த்தது. திருமேனி முழுக்கச் சேறு. சேற்றில் நூற்றுக்கணக்கான ஆட்டுக் குளம்படிகள். எத்தனை குடம் ஊற்றியும் அவை அழியவில்லை. நேற்று கரையோடு கரையாய்க் கிடந்து மிதிபட்டவர் யார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று.

அம்பலமே மேட்டுக்குப் போய், இருளப்பரைக் கைபிடித்துச் சந்நிதிக்குள் அழைத்து வந்தார். இனி கரையில் முதல் பங்கு கிடைகாரருக்கே என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது எதுவும் அடியாரின் காதில் விழவில்லை. குளம்படிகளைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தார்.

"தெரியாம ஒன்னையே மிதிக்க விட்டுட்டேனே சாமி."

அவர் கண்ணீர் தொட்ட பிறகே அந்தச் சேறு கரைந்தது. வலித்தது தமக்கென்று எண்ணாமல் தம் ஈசனுக்கென்று அழுத அந்தப் பெரியவரின் அன்பு நமக்கும் சிறிது வாய்க்கட்டும்.