சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில் ஒரு பூஜ்யம்

கணக்கில் புலி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்கான கதை. நடுவில் விடையை உளறிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள். நானே கேட்பேன், அப்போது சொன்னால் போதும்.

ஒரு நகரத்தில் சுண்ணாம்புக் காளவாய்த் தெரு என்று ஒரு தெரு. முப்பத்தாறு அடி அகலம். போன வருஷம் அதைப் புறவழிச் சாலையோடு இணைத்தார்கள். அன்று வண்டிகள் பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. சிக்னல் என்று ஒன்று உண்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளி.

தெருவின் வடக்குப் பக்கம் வேதமுத்து இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், முழங்காலும் சொன்னபடி கேட்பதில்லை. நேர் எதிரே தெற்குப் பக்கத்து வீட்டில் அவருடைய நண்பர் காதர் மைதீன். அவரும் தனி ஆள்தான். காது சுத்தமாகக் கேட்காது, அதனால் ஃபோனில் பேசவும் வழியில்லை. இருபது வருஷமாகத் தினமும் மாலை நாலு மணிக்கு இருவரும் காதர் மைதீன் வீட்டில் கேரம் ஆடுவார்கள். பலகை அங்கே இருக்கும், ஸ்டிரைக்கர் மட்டும் வேதமுத்துவின் சட்டைப்பையில் இருக்கும். அதையும் அங்கேயே விட்டுவந்தால் மைதீன் தனியாகப் பழகி ஜெயித்துவிடுவாராம். என்ன சந்தேகம் பாருங்கள்!

தெரு வேகம் பிடித்த பிறகு ஒரு நாள்கூட ஆட்டம் நடக்கவில்லை. பதினொரு மாதம் ஆகிவிட்டது. முப்பத்தாறு அடியில் நண்பன் இருக்க, இங்கே ஒரு மனுஷன் பேச ஆளில்லாமல் கிடந்தார். கடைசியாக யாரோடு வாய்விட்டுச் சிரித்தோம் என்று யோசித்தால் அவருக்கு அழுகைதான் வரும்.

இந்த நிலையில் தெருவைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு சுகிர்தா என்ற பொறியாளரிடம் வந்தது. ரொம்பக் கறாரானவள். தெருவை எத்தனை பேர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, அதற்குத் தக்கபடி அகலத்தைப் பங்கு போடுவது அவர்கள் அலுவலக வழக்கம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எண்ண வந்தாள். தெற்குப் பக்கம் கால் கடுக்க நின்றவளைப் பார்த்துக் காதர் மைதீன் தன் வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவள் சொன்ன நன்றி அவருக்குக் கேட்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எண்ணுகிறவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அது அந்தத் தொழிலின் முதல் பாடம். நாற்காலிக்குப் பக்கத்தில் படியில் ஒரு ஜோடிச் செருப்பு, தெருவைப் பார்த்தபடி. நாலு மணிக்கு முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்த ஒரு மணி நேரமும் எதிர்ச் சாரியில் ஒரு பெரியவர் கைத்தடியோடு நின்று, ரோட்டில் காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அப்படிப்பட்டவருக்கு அவளுடைய படிவத்தில் கட்டம் இல்லை. மாலை ஆறு மணிக்கு எழுதி முடித்தாள்: வண்டிகள் 4112, சைக்கிள்கள் 93, குறுக்கே கடந்தவர்கள் பூஜ்யம்.

மறுநாள் தெருக்காரர்கள் கூட்டம். வடக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்ததால் வேதமுத்துவால் வர முடிந்தது. சுகிர்தா எண்ணிக்கையைப் படித்ததும் முதலில் எழுந்தவர் வேன் ஓட்டும் பிச்சுமணி.

"நாலாயிரம் எங்க, தொண்ணூறு எங்க? கணக்குன்னா கணக்குதானேம்மா? லோடு நேரத்துக்குப் போகலேன்னா திட்டு வாங்குறது நான்தான்."

சமையல் வேலைக்குச் சைக்கிளில் போகும் வள்ளிமயில் சொன்னாள்: "தினம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறோம். ஓரமா ஒரு அஞ்சடி ஒதுக்கி விட்டுடுங்க, வேற ஒண்ணும் வேணாம்."

வேதமுத்து மெல்ல எழுந்தார். "நான் எதுத்த வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்."

"இவர் ஒருத்தருக்காக எல்லா வண்டியும் நிக்கணுமா? அங்க ஒருத்தரும் கடக்கலேன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க!" என்றார் பிச்சுமணி.

வள்ளிமயிலுக்கு மனசு கேட்கவில்லை. "நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், ஐயா."

"போறதுக்கு நீ இருக்கே, தாயி. திரும்பி வர?"



சுகிர்தா வரைபடத்தை விரித்தாள். ஓரத்தில் ஐந்தடி ஒதுக்கச் சிரமமில்லை. ஆனால் நடப்பவர் கடக்க ரோட்டின் குறுக்கே வேகத்தடை போல அகலமான ஒரு மேடை போட்டால், நாலாயிரம் வண்டியும் அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். யாரும் கடக்காத இடத்தில் மேடை எதற்கு என்று மேலிடம் கேட்கும். பென்சில் கையிலேயே நின்றது.

சரி, இப்போது வாயைத் திறக்கலாம். மூவரில் யாருடைய கேட்பு முதலில் நியாயம்? அந்தப் பூஜ்யம் சரியா? தப்பென்றால், அந்தக் கட்டத்தில் எத்தனை என்று எழுதியிருக்க வேண்டும்?

விடை: முதல் நியாயம் வேதமுத்துவுக்கு. பிச்சுமணி தாமதமாகவாவது போய்ச் சேருவார், வள்ளிமயில் பயந்து பயந்தாவது போய்ச் சேருவாள், வேதமுத்து போகவே முடியாது. யாரும் கடக்காததற்குக் காரணம் அந்தத் தெருவேதான். அதன் குற்றத்தை அதற்கே சாட்சியாக எழுதிவைத்தால் எப்படி? சரியான எண் ஒன்று என்கிறீர்களா? இல்லை, இரண்டு. நாலு மணிக்குத் திறந்து ஐந்துக்குச் சாத்திய அந்தக் கதவை மறந்துவிட்டீர்களே! ஹாரன் கேட்காத காதர் மைதீன், செருப்பை மாட்டிக்கொண்டு தினமும் அதே ஒரு மணி நேரம் தன் படியில் நின்றுவிட்டு உள்ளே போயிருக்கிறார். சுகிர்தாவுக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. பூஜ்யத்தை அடித்தாள், மேடையை வரைந்தாள், சைக்கிளுக்கும் ஐந்தடி விட்டாள். மேடை திறந்த அன்று நாலு மணிக்கு வேதமுத்து ஸ்டிரைக்கரோடு வடக்கிலிருந்து இறங்கினார். பொறுக்க முடியாமல் காதர் மைதீன் பலகையைத் தூக்கிக்கொண்டு தெற்கிலிருந்து இறங்கினார். நடுத்தெருவில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முதல் வண்டி பிச்சுமணியுடையது. அவர் ஹாரன் அடிக்காமல் என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.