தைலமரம் சட்டை கழற்றிய காலை

அந்தக் காலத்தில் மரங்களெல்லாம் பேசும். அதிலும் ஆஸ்திரேலியாவில் ஒரு வறண்ட ஆற்றின் கரையில் நின்ற தைலமரத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். தன் பட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கிளிகள்கூட எழுந்து பறந்துவிடும். உச்சி முதல் வேர் வரை வழவழவென்று ஒட்டிய பட்டை, ஒரு கீறல் கிடையாது!

ஒரு மாலை அதன் நிழலுக்கு டார்பி வந்து சேர்ந்தான். அவன் ஒரு ஸ்வாக்மேன். ஆட்டுப் பண்ணைகளில் ரோமம் கத்தரிக்கும் வேலை தேடி ஊர் ஊராக நடப்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதுகில் சுருட்டிக் கட்டிய கம்பளி, கையில் டீ போட ஒரு தகர டப்பா. அவனுக்கு வீடும் அதுதான், வாசலும் அதுதான்.

"மரத்தண்ணே, நெருப்பு பத்தவைக்க ஒரு கை பட்டை குடுங்க."

"பட்டையா? என் மேல கைய வச்சே, தெரியும் சேதி! போ, வேற மரத்தப் பாரு."

டார்பி கோபப்படவில்லை. எங்கெங்கோ அலைந்து சுள்ளி பொறுக்கி டீ போட்டான். பாதியைக் குடித்தான். மீதியை நன்றாக ஆறவிட்டு மரத்தின் வேரில் ஊற்றினான்.

"இது எதுக்கு?" என்றது மரம்.

"தனியாக் குடிச்சா இந்த டார்பிக்குத் தொண்டையில இறங்காதுண்ணே. பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களுக்குப் பாதி."

மரம் அந்த டீயை வேர் நுனி வரை உறிஞ்சிக்கொண்டது. டார்பியோ ஆற்றுக்குள் இறங்கி, மெத்தென்ற மணலில் கம்பளியை விரித்துவிட்டான். எங்கோ தூரத்து மலையில் மழை கொட்டுவது அவனுக்கு எப்படித் தெரியும்?

விடியும் நேரம். மரத்தின் வேர்கள் கிடுகிடுவென்று நடுங்கின. "டார்பி! தண்ணி வருது! எந்திரி, ஓடு!"

அடித்துப் பிடித்து எழுந்தவன் ஒரே ஓட்டமாகக் கரையேறிவிட்டான். அத்தோடு போயிருக்கக் கூடாதா? "ஐயோ, என் டப்பா!" என்று திரும்ப இறங்கினானே, பாவி! டப்பாவை எடுத்ததுதான் தாமதம், ஆள் உயரத்துக்கு வந்த வெள்ளம் அவனைச் சுருட்டி மரத்தின் மேல் மோதியது. ஒரு கையில் டப்பா. இன்னொரு கையால் மரத்தைத் தழுவினான். வழுக்கியது. மறுபடி தழுவினான். மறுபடி வழுக்கியது!

"பிடிக்க ஒண்ணுமே இல்லியேண்ணே!"

மரம் தன் பட்டையைப் பார்த்தது. டார்பியைப் பார்த்தது. பிறகு உடம்பை ஒரு உதறு உதறியது பாருங்கள், சரசரவென்று பட்டை கிழிந்து, கயிறு கயிறாகத் தண்ணீரில் தொங்கியது. டப்பாவைப் பல்லில் கவ்விக்கொண்டு, பட்டையைப் பற்றி டார்பி கிளைக்கு ஏறிவிட்டான். அப்பாடா!

வெள்ளம் வடிந்தது. மரம் வெட்கத்தில் கூனிக் குறுகி நின்றது. "என்னைப் பாக்காதடா."

டார்பி கீழே இறங்கி நன்றாகவே பார்த்தான். உள்ளே இருந்த புது உடம்பு பால் நிறத்தில் வெயிலில் மின்னியது. "அடேங்கப்பா! இப்பத்தாண்ணே நீங்க அழகு!"

மரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பட்டை காஞ்சதும் எடுத்துக்கடா. ரெண்டு பேருக்கும் டீ போடு!"

அன்று முதல்தான் ஆண்டுதோறும் தைலமரம் தன் பட்டையைத் தானே உரித்துத் தொங்கவிடுகிறது. வழிப்போக்கர் யாரும் அதனிடம் பட்டை கேட்டு நிற்க வேண்டியிருந்ததில்லை.