தழை வைக்காத வழி

"ஆடு தின்னுருச்சு, டாக்டர்" என்றார் அருமைநாயகம்.

"எதை?"

"தழையை."

நஸீமா டீயை ஊதிக் குடித்தார். அணைக்கட்டின் அடிவாரத்தில் இருந்த டீக்கடை அது. ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் மலையைத் தாண்டவில்லை.

நஸீமா அந்த ஊரின் பல் டாக்டர். நாற்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டச் சொல்லித்தருவார். அருமைநாயகம் அவரிடம் கற்றுக்கொள்பவர். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஐம்பத்தாறு வயது.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிலும் காடு. காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுற்றி வரும் சரளைப் பாதை. அது ஓயாமல் கிளை பிரியும். நஸீமாவின் சைக்கிள் குழுவில் முன்னால் போகிறவர்கள் சரியான கிளையின் வாயில் ஒரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். குழுவின் வழக்கம் அது.

"தழைதான் போச்சு. கல்லு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அந்தப் பாதை பூரா கல்லுதானே, டாக்டர்."

டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"நின்னேன். யோசிச்சேன். திரும்பி வந்துட்டேன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"ரெண்டு கிளையிலயும் தழை கிடந்துச்சு. ஒண்ணு காத்துல விழுந்ததா இருக்கும். எதுன்னு தெரியல. திரும்பிட்டேன்."

"அதுக்கும் முன்னாடி?"

அருமைநாயகம் கொஞ்சம் தயங்கினார்.

"தழையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. போட்டவனுக்கு வழி தெரியுமான்னு சந்தேகம் வந்துருச்சு."

நஸீமாவுக்குப் புரையேறியது. இருமி முடிக்கும் வரை அருமைநாயகம் காத்திருந்தார்.

"சிரிங்க, டாக்டர். நானும் ராத்திரி படுத்துக்கிட்டு இதை நினைச்சுச் சிரிக்கத்தான் பார்க்கிறேன். வரமாட்டேங்குது. எது சரியான கிளைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை மட்டும் சொல்லிக்குடுங்க. இன்னைக்கு நான் முழுச் சுற்று முடிச்சாகணும்."

"இன்னைக்கே என்ன அவசரம்?"

"புதன்கிழமை முழங்கால் ஆபரேஷன். அதுக்கப்புறம் சைக்கிள் ஓட்டலாமான்னு எலும்பு டாக்டரைக் கேட்டேன். 'பார்க்கலாம்'னாரு. டாக்டருங்க பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?"

"எங்களுக்கும் தெரியலைன்னு அர்த்தம்."

நஸீமா கிளாஸை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

"வாங்க. மத்தவங்க எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயாச்சு. இன்னைக்குத் தழை போட ஆளில்லை. நாம ரெண்டு பேர்தான்."

முதல் கிளை வந்தது.

அருமைநாயகம் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினார். இடது கிளை மேட்டில் ஏறியது. வலது கிளை ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"எது, டாக்டர்?"

"நீங்க இடது."

"நீங்க?"

"வலது."

அடுத்த கேள்வி கேட்பதற்குள் நஸீமா போய்விட்டார். சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் பாறைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

வேறு வழியில்லாமல் அருமைநாயகம் மேட்டில் ஏறினார். மறுபக்கம் இறங்கியபோது, பக்கத்துக் கிளையிலிருந்து நஸீமா வந்து சேர்ந்தார்.

"அடடே, நீங்களா சார்? பார்த்து எவ்வளவு நாளாச்சு! வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அருமைநாயகம் சிரிக்கவில்லை. ஆனால் பதில் சொன்னார்.

"சௌக்கியம்."

இரண்டாவது கிளை.

"இப்ப நீங்க வலது."

போனார். ஒரு புதர். ஒரு பள்ளம். நஸீமா.

அடுத்தது தேக்குமரங்களுக்கு நடுவே பிரிந்தது. மரங்களின் இடைவெளியில் நஸீமாவின் மஞ்சள் சட்டை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அருமைநாயகம் பெடலை அழுத்தி மிதித்தார். கிளைகள் சேரும் இடத்துக்கு முதலில் போய் நின்றார்.

"முந்திட்டேன்!"

"ரொம்ப அலட்டிக்காதீங்க சார். உங்க பக்கம் இறக்கம்."

"இறக்கமோ ஏத்தமோ. முந்தினேனா இல்லையா?"

"முந்துனீங்க, முந்துனீங்க."

அதன் பிறகு ஒவ்வொரு கிளையும் பந்தயமாகிவிட்டது. ஒன்றில் நஸீமா முந்தினார். ஒன்றில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து மோதப் பார்த்தார்கள். தண்ணீர் ஓரத்தில் நின்ற கொக்குகள் எரிச்சலோடு எழுந்து தள்ளிப் போய் அமர்ந்தன.

"புரிஞ்சுருச்சு, டாக்டர்" என்றார் அருமைநாயகம், மூச்சு வாங்க. "எந்தக் கிளையில போனாலும் ஒண்ணுதான். எல்லாம் சேர்ந்துரும். இதுக்குப் போயா நான் தூக்கம் கெட்டேன்!"

"அப்படியா?"

"அப்படித்தானே?"

"மூச்சை மிச்சம் பிடிங்க சார்."

அடுத்த கிளையில் அருமைநாயகம் நிற்கவே இல்லை.

"நான் மேல! நீங்க கீழ!" என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

பாதை ஏறியது. வளைந்தது. மறுபடி ஏறியது. மரங்களுக்கு நடுவே மஞ்சள் சட்டையைத் தேடினார். பச்சைதான் தெரிந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனார். கிளை சேரவில்லை.

பிரேக். ஒரு கால் தரையில்.

"டாக்டர்!"

கீழே எங்கோ தொலைவில் ஒரு சைக்கிள் மணி ஒலித்தது. இவரும் தன் மணியை அடித்தார். பதில் மணி வந்தது. பத்திரமாகத்தான் இருக்கிறார். ஆனால் அடுத்த மணி இன்னும் தள்ளிக் கேட்டது.

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வழி. முன்னால் தெரியாத வழி. தண்ணீர் வலது பக்கம் கீழே மின்னியது. அது மட்டும் போதுமா என்று தெரியவில்லை. தப்பாகப் போனால்? முழங்கால் மடங்கிவிட்டால்? திரும்புவதற்குத் தோதாக ஹேண்டில்பாரைப் பாதி வளைத்தும் விட்டார்.

முன்னால் பாதையின் குறுக்கே ஒரு மிளா மான் வந்து நின்றது. பெரிய காதுகள். இவரைப் பார்த்தது. இவரிடம் பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல் அசைபோட்டுக்கொண்டே காட்டுக்குள் இறங்கியது.

அது விட்டுப்போன இடத்தில் பாதை செக்கச்செவேலென்று இறங்கிக்கொண்டிருந்தது.

தரையிலிருந்து காலை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

சரளை தெறித்தது. சக்கரம் வழுக்கியது, நிமிர்ந்தது. காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. அவர் ஏதோ சத்தம் போட்டார். அது வார்த்தை இல்லை.

கிளைகள் வந்தன. ஏதாவது ஒன்றில் திரும்பினார். ஒன்று முள்ளுக்குள் போய் முடிந்தது. "சரி சரி" என்று முள்ளிடம் சொல்லிவிட்டு, பின்னால் வந்து அடுத்ததில் போனார். ஒன்று ஓடையில் இறங்கியது. காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே விட்டார். ஓடை முகம்வரை அடித்தது.

காடு முடிந்தது. ஒரு கரை. கரைக்குக் கீழே ஒரு டீக்கடை.

இங்கேயும் ஒரு டீக்கடை இருக்கிறதே என்று நினைத்தார்.

"என்ன சார், இந்தப் பக்கம் போயிட்டு அந்தப் பக்கமிருந்து வர்றீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

அருமைநாயகம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியைப் பார்த்தார். பிறகு, காலையில் கிளம்பிப் போன வழியைப் பார்த்தார். சைக்கிளைவிட்டு இறங்கி, டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

"சார், சார், வெந்நீர்!"

நஸீமா வந்து சேர வெகு நேரமாயிற்று. இடுப்புவரை சேறு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என் வழி தண்ணிக்குள்ள போயிருச்சு சார். தூக்கிட்டு நடந்தேன்."

"அந்தக் கிளை சேராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சரி. முன்னாடி வந்ததெல்லாம்? அதெல்லாம் சேரும்னு தெரிஞ்சுதானே என்னை அனுப்புனீங்க?"

நஸீமா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீரும் சரளையும் கொட்டின.

"வெள்ளிக்கிழமை மழைக்குத் தண்ணி ஏறி எல்லாம் மாறிக்கிடக்கு. எனக்கும் இன்னைக்குப் புதுசுதான் சார்."

அருமைநாயகம் வாயைத் திறந்தார். கேள்விக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்ச் ஆட ஆடச் சிரித்தார்.

நஸீமா மற்ற ஷூவையும் கவிழ்த்தார்.

"சிரிச்சது போதும். நீங்க வந்த வழியைச் சொல்லுங்க. எனக்கு அது தெரியாது."

அருமைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்லாத ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்தார். உடம்பை இடது பக்கம் சாய்த்தார்.

"முதல்ல ஒரு ஏத்தம்" என்றார்.